மோர்டிமர் பிரபுவுக்கு ஒரு மதிய விருந்து

எங்கள் ஆட்கள் விசாரிக்காமல் எதையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. பழைய கார் வாங்குவதென்றால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவதோடு விட்டுவிடுவோம். கலியாணம் என்று வந்தால் லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று மூன்று கண்டங்களுக்குத் தொலைபேசி போகும். இதற்கு எழுதப்படாத ஒரு நடைமுறை உண்டு. அதன் முதல் விதி, சம்பந்தப்பட்டவர்களிடம் ஒருபோதும் கேட்கக்கூடாது என்பது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கலாம். படிப்பித்த வாத்தியாரிடம் கேட்கலாம். மாப்பிள்ளையின் தகப்பனையே கூப்பிட்டு, "நீங்கள் எப்படிப்பட்ட ஆட்கள்?" என்று கேட்பது மட்டும் அநாகரிகம். (அவர் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வேலை?)

இந்த முதல் விதியைக் கடைப்பிடித்ததால்தான் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிட்னிப் புறநகரான டூங்கபியில் என் சொந்த வீட்டு விறாந்தையில், என் மகளின் கலியாணத்தை நானே குழப்பும் நிலைக்கு வந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் அலுவலகத்தில் நிர்வாக உத்தியோகத்தனாக இருந்தவன். அமைச்சர்கள் வந்தால் யார் முதலில் காரை விட்டு இறங்குவது, யார் மாலை போடுவது, எந்தக் கதிரையில் எவர் உட்காருவது என்பதெல்லாம் என் பொறுப்பு. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்கு வந்து, இங்கும் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் கோப்புகளுக்கு நடுவே வேலை பார்த்து, ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற நடைமுறை நிபுணனை வீட்டில் வைத்திருப்பது எப்படியென்று என் மனைவி மலரிடம் கேட்டுப் பாருங்கள். மிளகாய்த்தூள் போத்தல்களை அகர வரிசையில் அடுக்கியவன் நான்.

மகள் வதனி ஆஸ்பத்திரியில் மருந்தாளர். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, கூட வேலை செய்யும் ஆண்ட்ரூ மோர்டிமர் என்பவரைக் கட்டப்போவதாகச் சொன்னாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் தந்தாள்.

மலர் கறியைக் கிளறியபடி, "சாப்பிடுற பெடியனோ?" என்று கேட்டாள்.

"எல்லாம் சாப்பிடுவான் அம்மா."

"அப்ப சரி."

எனக்கு அவ்வளவு சுலபமாகச் சரியாகிவிடுமா? "ஆக்கள் எப்படி?" என்றேன்.

வதனி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, ஆண்ட்ரூவுக்குப் பேர்த்தில ஒரு வேலை கிடைச்சிருக்கு. ஓமெண்டு சொல்லட்டோ வேண்டாமெண்டு சொல்லட்டோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறம். ரெண்டு குடும்பமும் ஒத்துப்போனா, கலியாணம் இஞ்சதான், உங்கட முறைப்படி. இல்லாட்டி பேர்த்தில போய் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு அங்கயே இருந்திடுவம். அடுத்த மாதம் அவன்ர அம்மா அப்பாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போறன். ஒரே ஒரு சாப்பாடு. நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா இருந்தாக் காணும்."

சும்மா இருப்பதற்கான நடைமுறை எனக்குத் தெரியாது.

பேர்த்துக்கு விமானத்தில் போக ஐந்து மணித்தியாலம். ஒரே பிள்ளை. அன்றிரவு மலர் படுக்கையில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எனக்கு அது போதும். இந்தச் சம்பந்தம் வடிவாக அமையவேண்டும், அதற்கு முறையான விசாரணை வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பற்றி ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனருக்கு என்ன தெரியும்? கையில் இருந்தது ஒரு பெயர் மட்டும். ஆகவே நூலகத்துக்குப் போனேன்.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களைப் பற்றி அங்கே ஓர் அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. மூன்று வாரம் தினமும் போனேன். ஆயிரம் வருடத்துக்கு முன் அவர்களுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லையாம். ஊரில் நாலு ஜோன் இருந்தால் வரி வசூலிக்க வருபவன் எந்த ஜோனைப் பிடிப்பது? அதனால் தொழிலை வைத்துச் சிலருக்குப் பெயர் வந்தது. இரும்படிப்பவர் ஸ்மித், பீப்பா செய்பவர் கூப்பர், தோல் பதனிடுபவர் டானர். இருந்த இடத்தை வைத்துச் சிலருக்கு வந்தது. தகப்பன் பெயரோடு 'சன்' சேர்த்து ஜோன்சன், ராபின்சன் என்று சிலருக்கு. (இந்தப் பக்கத்தைப் படித்தபோதே எனக்கு ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.)

பட்டங்களின் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். மார்ஷல் என்ற மகா பதவி குதிரை பார்க்கும் வேலைக்காரனிடமிருந்து வந்தது. கொன்ஸ்டபிள் லாயத்துக்குப் பொறுப்பானவன். லோர்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் பாணை, அதாவது ரொட்டியை, காப்பவன். லேடி என்றால் அந்தப் பாணுக்கு மா குழைப்பவள். இதை வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன்.

"அப்ப நான் இருபத்தேழு வருசமா லேடிதான்," என்றாள். "நீங்கள் எப்ப லோர்ட் ஆகப் போறியள்? கடைக்குப் போய் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ."

கடைசியில் மோர்டிமருக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு வியர்த்துவிட்டது. நோர்மண்டியில் ஓர் ஊரின் பெயர். அங்கிருந்து இங்கிலாந்தைப் பிடிக்க வந்தவர்களோடு வந்து, வேல்ஸ் எல்லையில் கோட்டை கட்டி, ஏர்ல் பட்டம் பெற்ற வம்சம். அரச குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை. என் மகள் ஆஸ்பத்திரி மருந்தறையில் ஒரு பிரபுவைப் பிடித்திருக்கிறாள்!

"அந்த ஊரின்ர பேருக்கு என்ன கருத்து?" என்று மலர் கேட்டாள்.

"செத்த தண்ணி. தேங்கின தண்ணியெண்டும் சொல்லலாம்."

"குட்டையெண்டு சொல்லுங்கோ."

அவளுக்கு வரலாற்று உணர்வு கிடையாது.

நான் ஒரு குறிப்பையும் தவறவிடவில்லை. செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. ஆண்ட்ரூ அந்த மூன்று வாரத்தில் நாலு தரம் வீட்டுக்கு வந்தான். என் பக்கத்தில் இருந்து இடியப்பம் சாப்பிட்டான். "தம்பி, உங்கட அப்பா ஆர், என்ன செய்யிறார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதல் விதி.

அவனிடம் கேட்காத நான், தெருக்கோடியில் இருக்கும் கந்தையா அண்ணையிடம் சொல்ல மட்டும் மறக்கவில்லை. கந்தையா அண்ணை ஓய்வு பெற்ற நில அளவையாளர். அவருடைய மருமகன் மெல்பேர்னில் இதய வைத்திய நிபுணர். அந்த மருமகனைச் சேர்க்காமல் அண்ணையால் மழையைப் பற்றிக்கூடப் பேச முடியாது. பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு என் இதயமே பழுதாகியிருந்தது. "ஏர்ல் பரம்பரை" என்று நான் சொன்னதும் அவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். அந்த ஒரு நிமிடத்துக்காக அவரையும் விருந்துக்கு அழைத்தேன், சாட்சியாக.

அந்த ஞாயிறு வந்தது. வதனியும் ஆண்ட்ரூவும் அவனுடைய பெற்றோரை அழைத்து வரப் போன இடைவெளியில் நான் என் ஏற்பாடுகளைச் செய்தேன். கலியாண மண்டபங்களை அலங்கரிக்கும் ஒருவரிடமிருந்து மாப்பிள்ளை, பெண் கதிரைகள் இரண்டை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். சிவப்பு வெல்வெட் மெத்தை, பொன் முலாம், கைப்பிடிக்கு இரண்டு சிங்கம். மற்றவர்களுக்குத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கதிரைகள். வாசலில் நிறைகுடம், பன்னீர்ச்செம்பு, சந்தனம், இரண்டு ரோசாப்பூ மாலை. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு வரவேற்பு மடல். ஆங்கிலத்தில் நானே எழுதியது. (எங்கள் ஆட்களுக்குச் சட்டம் போடாத பாராட்டு பாராட்டே இல்லை.)

மலர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது, சூரன்போரோ?"

"நீ கேட்டடியில நிண்டு கொஞ்சம் முழங்காலை மடிச்சு வணக்கம் சொல்லவேணும். நேற்றுக் காட்டித் தந்தனான்."

"என்ர முழங்கால் மடிஞ்சா நிமிராது. நீங்களே மடியுங்கோ."

கார் வந்து நின்றது. இறங்கியவர் அறுபது வயது மதிக்கத்தக்க, வெயிலில் வெந்த கழுத்துடைய ஒரு பெரிய மனிதர். கழுத்துப்பட்டி அவரை நெரித்துக்கொண்டிருந்தது. பெயர் ரொன். அவருடைய மனைவி ஷேர்லி கையில் பவ்லோவா கேக்கோடு, அது சரிந்துவிடாமல் மெதுவாக நடந்து வந்தார். நான் குனிந்து வணங்கி, மாலை போட்டு, பன்னீர் தெளித்தேன். பன்னீர் கேக்கிலும் பட்டது.

வதனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பேர்த் தெளிவாகத் தெரிந்தது.

அவர்களைச் சிங்காசனங்களில் ஏற்றினேன். ஷேர்லியின் கால்கள் நிலத்தில் படவில்லை. கந்தையா அண்ணை பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமி, "மாண்புமிகு பிரபுவே" என்று தொடங்கினேன். யார் வருகிறார்கள் என்று ரொன் திரும்பிப் பார்த்தார்.

நோர்மண்டியிலிருந்து கோட்டை வரைக்கும் வாசித்தேன். கந்தையா அண்ணையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "கோட்டை" என்ற இடத்தில் அவர் மெல்ல எழுந்து, "மருமகன் போன் எடுக்கிற நேரம், நான் போட்டு வாறன்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெற்றி! அதே உற்சாகத்தில் அடுத்த பந்திக்குப் போனேன்.

அடுத்த பந்தியை நான் எழுதியிருக்கவே கூடாது. அந்த வம்சத்தில் ஒருவர், அரசன் உயிரோடு இருக்கும்போதே அரசியோடு சேர்ந்து, அரசனைக் கவிழ்த்து, கொஞ்சக் காலம் நாட்டை ஆண்டு, கடைசியில் தூக்கிலிடப்பட்டார். அதை விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்புவது என் சேவைக் காலத்தில் நடக்காத காரியம். முழுவதையும் வாசித்தேன்.

ஷேர்லி சிங்கத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கைப்பையை எடுத்தார். (அவர்கள் பேசியது அசல் ஆஸ்திரேலிய ஆங்கிலம். நான் அதை யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். பொறுத்துக்கொள்வார்கள்.)

"ரொன், எழும்பு. இவை எங்களை வச்சுப் பகிடி பண்ணீனம்."

"ஷேர்ல், கொஞ்சம் பொறு."

"என்ன பொறு? நீ குழாய் போடுறவன் எண்டு தெரிஞ்சுதான் இந்தக் கதிரையில ஏத்தி வச்சு, கள்ளக் காதல், தூக்குமரம் எண்டெல்லாம் வாசிக்கினம். படிச்ச ஆக்கள். நான் அப்பவே சொன்னனான், எங்களைப் பிடிக்காதெண்டு."

அவருடைய குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. ஆண்ட்ரூ சுவரைப் போல வெளுத்தான். வதனி என்னிடம் ஆங்கிலத்தில், "அவ்வளவுதான் அப்பா, முடிஞ்சுது" என்றாள். சட்டமிட்ட மடலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். இந்தக் கட்டத்துக்கு என்ன நடைமுறை என்று தலைக்குள் தேடினேன். ஒரு சுற்றறிக்கையும் கிடைக்கவில்லை.

அப்போது மலர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஷேர்லியின் கையைப் பிடித்தாள். அவளுடைய ஆங்கிலம் கடைக்கும் டொக்டருக்கும் மட்டும் அளவாகப் பாவிக்கப்படுவது. ஆனால் அன்று அவள் சொன்ன அந்த ஆங்கிலத்தைப் போல ஒன்றை என் முப்பது வருடக் கடிதங்களில் நான் எழுதியதில்லை.

"இவர் பகிடி விடேல்லை. இவருக்குப் பகிடி விடத் தெரியாது. இருபத்தேழு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஷேர்லி என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, கைப்பையைக் கீழே வைத்தார்.

"உண்மையாவே நம்பினவரோ?"

"மூண்டு கிழமை லைப்ரரிக்குப் போய் வந்தவர். மத்தியானச் சாப்பாடும் கட்டிக்கொண்டு."

ரொன் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிங்காசனமே குலுங்கியது. கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சிங்கத்தின் தலையில் மாட்டினார்.

"மேட்," என்றார், "என்ர பூட்டனுக்குத் தகப்பன் பேரும் இல்லை, தாய் பேரும் இல்லை. லண்டனில ஒரு தெருவில கிடந்த பிள்ளை. அநாதை விடுதியில பேர் வைக்கவேணும். எந்தத் தெருவில எடுத்தவையோ அந்தத் தெருவின்ர பேரை வச்சிட்டினம். மோர்டிமர் ஸ்ட்ரீட். கொஞ்சம் தள்ளிக் கிடந்திருந்தால் நான் இண்டைக்கு வேற ஆள்."

நான் மெதுவாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"பிறகு அவர் இஞ்ச எப்பிடி வந்தவர்?" என்று மலர் கேட்டாள்.

"கப்பலில. விலங்கோட. ஒரு பாண் களவெடுத்ததுக்கு."

பாணைக் காப்பவன் பிரபு என்று படித்தவன் நான். பாணைத் திருடியவரின் வாரிசுக்கு மாலை போட்டுப் பன்னீர் தெளித்திருக்கிறேன்.

ஷேர்லி இப்போது கொஞ்சம் தேறியிருந்தார். பதிலுக்குப் பதில் கேட்பதுதானே நியாயம்? "சரி, உங்கட சிவசம்பு எண்ட பேர் பெரிய பழைய குடும்பமோ?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மலர் முந்திக்கொண்டாள். "சிவசம்பு எண்டது இவரின்ர அப்பா."

"குடும்பப் பேர் இல்லையோ?"

"இல்லை. இமிகிரேஷனில குடும்பப் பேர் எழுதச் சொல்லிச்சினம். எங்களிட்ட அப்பிடி ஒண்டு இல்லை. இவர் தகப்பன்ர பேரை எழுதினார். அண்டையில இருந்து நானும் மிஸஸ் சிவசம்பு, இவளும் மிஸ் சிவசம்பு. மாமா நல்ல மனுசன். ஒரு சைக்கிள் வச்சிருந்தவர். வேற ஒண்டும் இல்லை."

"பிரேக் இருந்ததோ?" என்றார் ரொன்.

"இல்லை."

இரண்டாவது தரம் சிங்காசனம் குலுங்கியது. இந்தத் தரம் ஷேர்லியும் சேர்ந்து சிரித்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் வரி வசூலிப்பவன் ஜோனுக்குச் செய்ததைத்தான் குடிவரவு அதிகாரி எனக்குச் செய்திருந்தார். இத்தனை புத்தகம் படித்தும் அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கேள்வியில் உறைத்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது ரொன் தாழ்ந்த குரலில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அவரும் எங்களைப் பற்றி விசாரித்திருக்கிறார்! வென்ட்வேர்த்வில்லில் ஒரு மசாலாக் கடையில் அவர் குழாய் திருத்தியிருக்கிறார். அந்தக் கடைக்காரரிடம் போய், "இந்த ஆக்கள் என்ன கேப்பினம்?" என்று கேட்டாராம். "குடும்பத்தைப் பற்றிக் கேப்பினம்" என்று பதில் வந்ததாம்.

"தெருவில கிடந்த பிள்ளை, பாண் கள்ளன். இதை எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. ஷேர்லிதான், கேட்டாச் சொல்லு, கேக்காட்டி விடு எண்டா. நீங்கள் கேக்கவே இல்லை."

"எங்களிட்ட அப்பிடிக் கேக்கிற வழக்கம் இல்லை," என்றேன்.

"கேட்டிருக்கலாம் மேட்."

அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் கறி போட்டேன். பேர்த் என்ன ஆயிற்று என்று குசினியில் வதனியிடம் கேட்டேன். "இன்னும் முடிவெடுக்கேல்லை. பாயாசத்தைச் சிந்தாமக் கொண்டுபோய்க் குடுங்கோ," என்றாள். கண் சிவந்திருந்தது, உதட்டோரம் மட்டும் துடித்தது. சிரிப்பை அடக்கும்போது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஒரு துளியும் சிந்தவில்லை.

கலியாணம் சிட்னியில்தான் நடந்தது. மணவறையில் நான் வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் மகளின் நிபந்தனை. தமிழ் அழைப்பிதழை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயரில் முதல் எழுத்தைப் போடுவதைப் பார்த்த ரொன், தனக்கும் அப்படி வேண்டும் என்று அடம்பிடித்தார். அவருடைய தகப்பன் எர்னஸ்ட். "எ. ரொனால்ட்" என்று அச்சடித்தோம். தெருவின் பெயரை விடத் தகப்பனின் பெயர் நல்லது என்றார். அந்த அழைப்பிதழ் இன்றும் அவர்களுடைய வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது, சட்டம் போட்டு.

இனித்தான் விளைவு. மடலின் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போன கந்தையா அண்ணை, அன்று பின்னேரமே மெல்பேர்னுக்குச் சொல்லிவிட்டார். மெல்பேர்ன் லண்டனுக்குச் சொல்லியது. கலியாண வீட்டில் அண்ணை என் பக்கத்தில் வந்து, "அந்த எ. எண்டது ஏர்ல் எண்டதின்ர சுருக்கமோ?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் இல்லை என்றேன். எர்னஸ்ட், தெரு, பாண் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். வதந்தியைத் தொடங்குவதற்கு ஆயிரம் வழி உண்டு. வாபஸ் வாங்குவதற்கு எந்த நாட்டிலும் நடைமுறை இல்லை.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருடமாகப் போகிறது. ரொனுக்கு ஹெலன்ஸ்பர்க் கோயில் கன்ரீன் தோசை மிகவும் பிடிக்கும். பேரப்பிள்ளைகளோடு வரிசையில் நிற்பார். எங்கள் ஆட்கள் வழி விடுவார்கள். போன மாதம்கூட ஓர் அம்மா வந்து, "நீங்கள் பிரபு பரம்பரையாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரொன் வழக்கம்போல உள்ளதை உள்ளபடி சொன்னார். தான் குழாய் போடுபவர், தன் பூட்டனின் பேர் ஒரு தெருவின் பேர், அவர் ஒரு கள்ளன் என்று.

அந்த அம்மா பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "எவ்வளவு தன்னடக்கம் பாத்தீங்களா!" என்று உருகினார்.

ரொன் என்னைப் பார்த்தார். பிறகு, ஒரு கையில் தோசைத் தட்டைப் பிடித்தபடி, மறு கையை மெல்ல உயர்த்தி, அரண்மனை மாடத்தில் நின்று அசைப்பதுபோல் வரிசை முழுவதற்கும் அசைத்தார். பின்னால் நின்ற என் பேத்தியும் அப்படியே அசைத்தாள்.